யாரைச் சுடுகிறது இந்த விளையாட்டுத் துப்பாக்கி?

தொழிலாளி வர்க்கப் பத்திரிகை விளையாட்டைப் பற்றி எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கூலி உயர்வு, போனஸ், பஞ்சப்படி, நிலப்பட்டா என்று எழுத எத்தனையோ இருக்கையில், விளையாட்டுப் பெட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். எட்டு மணி நேர வேலை என்று நாம் போராடியது எதற்காக? எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், மீதி எட்டு மணி நமக்கு என்பதற்காக. அந்த மீதி எட்டு மணிக்குள் முதலாளி கொல்லைப்புற வாசல் வழியாக நுழைந்துவிட்டால், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

வல்லக்கோட்டையைச் சுற்றி நாலாபுறமும் பாருங்கள். ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று சிப்காட் பேட்டைகள். ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது. இன்று காரும், மோட்டார் சைக்கிளும், டயரும், கைபேசியும் விளைகின்றன. உழுத குடும்பத்துப் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளிகளாக ஷிப்டு பஸ் ஏறுகிறார்கள். தெற்கு ஜில்லாக்களிலிருந்தும், பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஓர் அறையில் ஆறேழு பேராய்ப் படுத்து எழுந்திருக்கிறார்கள். வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் தலைகள் குனிந்திருக்கும். கையில் கைபேசி. அதில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. "பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள்" என்று ஊர்ப் பெரியவர்கள் ஏசுகிறார்கள்.

இந்த ஏச்சில் நாம் சேர மாட்டோம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே திருகாணி முடுக்கியவன் களைத்துப்போய்க் கையில் கிடைத்த விளையாட்டை விளையாடுகிறான். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். ஆனால் அந்த விளையாட்டை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், அது என்ன சொல்லிக்கொடுக்கிறது என்று கேட்பதுதான் நம் வேலை. அதற்கு இந்த விளையாட்டின் மூதாதை ஒன்றின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

போலீஸ் கொட்டடியில் பிறந்த குழந்தை

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ என்றொரு ராஜ்யம். அதன் பெரிய நகரம் ஆல்புகர்க்கி. அங்கே ராபர்ட் கிரெப் என்பவர் நடத்திய ஸ்தாபனம் முதலில் செய்தது விளையாட்டுப் பெட்டி அல்ல. போலீஸ்காரர்களுக்குச் சுடப் பயிற்சி கொடுக்கும் யந்திரம். இத்தகைய யந்திரத்தில் திரையில் ஒரு மனிதன் தோன்றுவான். சட்டைப் பைக்குள் கை விடுவான். வெளியே வருவது துப்பாக்கியா, வேறு ஏதாவதா? கண் இமைக்கும் நேரத்தில் தீர்மானித்துச் சுட வேண்டும், அல்லது சுடாமல் நிறுத்த வேண்டும். இதுதான் பாடம்.

இந்த வித்தையையே கொஞ்சம் மாற்றி, தலையில் கௌபாய் தொப்பி மாட்டி, காசு போட்டு விளையாடும் பெட்டியாக 1990இல் சந்தைக்கு விட்டார்கள். கம்பெனியின் பெயர் அமெரிக்கன் லேசர் கேம்ஸ். விளையாட்டின் பெயர் 'மேட் டாக் மெக்ரீ'. வெறிநாய் மெக்ரீ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கதை ரொம்பப் பழையது. ஒரு சிற்றூர். வெறிநாய் என்ற கொள்ளைக்காரனின் கும்பல் ஊரைப் பிடித்துக்கொண்டு, மேயரையும் அவர் மகளையும் கடத்திவிட்டது. பெயரில்லாத அந்நியன் ஒருவன் வருகிறான். அவன்தான் காசு போட்ட நாம். கர்ணன் எடுத்த 'கங்கா' (1972) போன்ற படங்களில் ஜெய்சங்கர் குதிரை ஏறி வந்ததைப் பார்த்தவர்களுக்கும், 2010இல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களுக்கும் இந்த ஊரும் இந்தத் தொப்பியும் புதிதல்ல. புதியது என்னவென்றால், இங்கே பார்ப்பவன் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள்.

அதுவரை வந்த துப்பாக்கி விளையாட்டுகளில் பெரும்பாலும் பொம்மைச் சித்திரங்கள்தான் ஓடும். இதிலோ சதையும் ரத்தமுமான நடிகர்கள். சினிமா போலவே படம் பிடித்து, லேசர் டிஸ்க் என்ற தட்டில் பதித்திருந்தார்கள். அது சாப்பாட்டுத் தட்டு அளவு, ஓரடி விட்டமுள்ள பளபளக்கும் தட்டு. ஒரு பக்கத்தில் 30 நிமிஷப் படம். கணக்குப் பார்த்தால் 54,000 தனித்தனிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். சிறிய கம்ப்யூட்டர் ஒன்று உள்ளே இருந்துகொண்டு, நாம் சுட்டது பட்டால் கொள்ளைக்காரன் விழும் படத்துக்கும், படாவிட்டால் நாம் சாகும் படத்துக்கும் தட்டைத் தாவச் செய்யும்.

துப்பாக்கியின் சூட்சுமம் இன்னும் வேடிக்கை. அதன் குழாயிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. குழாய்க்குள் ஒளியை உணரும் கண் ஒன்று இருக்கிறது. பழைய படக்குழாய் டெலிவிஷனில் ஓர் ஒளிப்புள்ளி, கோடு கோடாக மேலிருந்து கீழே, தறியில் ஊடை ஓடுவதுபோல் ஓடிப் படத்தை நெய்கிறது. விசையை அழுத்தும்போது அந்தப் புள்ளி துப்பாக்கியின் கண்ணுக்கு எந்த நொடித் துணுக்கில் தெரிகிறது என்பதை வைத்து, திரையின் எந்த இடத்தைக் குறி பார்த்தோம் என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். 1990களில் நம் ஊர்களில் கேசட் சொருகி விளையாடிய டி.வி. கேம் பெட்டியோடு வந்ததே, வாத்துச் சுடும் பிளாஸ்டிக் துப்பாக்கி, அதுவும் ஒளியை வாங்கும் இதே ஜாதிதான். இன்றைய தட்டைத் திரை டி.வி.யில் படம் அப்படி நெய்யப்படுவதில்லை. ஆகவே அந்தத் துப்பாக்கிகள் இன்று வெறும் பிளாஸ்டிக்.

இதைச் செய்த தொழிலாளிகளின், எஞ்சினியர்களின் கைத்திறனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. மனித மூளையின் அற்புதம் அது. அந்த அற்புதத்தை யார் எதற்குப் பிடித்துப் பூட்டினார்கள் என்பதே கேள்வி.

சாவுக்கு ஒரு காசு

விளையாடுபவனுக்கு மூன்று உயிர். ஜன்னலில் ஒருவன் எட்டிப் பார்ப்பான், பீப்பாய்க்குப் பின்னால் ஒருவன் எழுவான், கூரையில் ஒருவன். அவன் எங்கே வருவான் என்று முன்கூட்டியே தெரியாதவன் சாக வேண்டியதுதான். செத்தால் பிணம் புதைக்கும் வெட்டியான் தோன்றிக் கேலி பேசுவான். மூன்று உயிரும் போனால் மறுபடி காசு.

இங்கேதான் வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. தட்டில் உள்ளது எடுத்து முடித்த படம். அதில் கொள்ளைக்காரன் எங்கே எழுவான் என்பது மாறுவதில்லை. காட்சிகளின் வரிசை மட்டும்தான் கொஞ்சம் முன்பின்னாகும். ஆகவே சாமர்த்தியத்தைவிட மனப்பாடமே வெற்றி தருகிறது. மனப்பாடம் ஆக வேண்டுமென்றால் பல முறை சாக வேண்டும். சாவுதான் பாடம், ஒவ்வொரு பாடத்துக்கும் சம்பளம் ஒரு காசு. நம் மில்லில் பீஸ் ரேட் என்றொரு முறை உண்டு. எத்தனை உருப்படி செய்தாயோ அத்தனை கூலி. இந்தப் பெட்டி அதைத் தலைகீழாக்கியது. எத்தனை முறை விழுந்தாயோ அத்தனை முறை கொடு. பகலில் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கியவனிடம், மாலையில் சாவுக் கணக்கில் அதைத் திருப்பி வாங்கும் ஏற்பாடு.

எதிரிக்கும் வாய் உண்டு என்பது கூத்து

"வெறும் விளையாட்டுத்தானே? இத்தனை வருஷம் விளையாடியும் நாங்கள் யாரையும் சுட்டுவிடவில்லையே" என்று வாலிபத் தோழர்கள் கேட்பார்கள். உண்மைதான். விளையாட்டுத் துப்பாக்கி பிடித்தவன் கொலைகாரனாகிவிடுவான் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிப் பார்த்தால் மகாபாரதம் கேட்டவன் எல்லாம் கொலைகாரனாக வேண்டும்.

அந்த மகாபாரதத்தையே எடுத்துக்கொள்வோம். நம் காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவண்ணாமலை வட்டாரங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் படுகளம் இல்லாமல் முடியாது. ஊர்த் திடலில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். கதையின்படி அவன் எதிரி, சாக வேண்டியவன். ஆனால் கூத்தில் அவன் விடிய விடிய நிற்கிறான். பாடுகிறான், வாதாடுகிறான், கோபப்படுகிறான், பயப்படுகிறான். அவன் விழுந்த பிறகு அவன் வீட்டுப் பெண்களின் ஒப்பாரியும் ஒலிக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எதிரிக்கும் ஒரு நியாயம், ஒரு வீடு, ஒரு தாய் உண்டு என்பதை எழுத்தறியாத நம் பாட்டன்மார்களின் கலை மறக்கவில்லை.

வெறிநாய் விளையாட்டில் எதிரிக்கு எத்தனை நேரம்? இரண்டு விநாடி. எட்டிப் பார்க்கிறான், விழுகிறான். அவன் ஏன் கொள்ளைக்காரன் ஆனான், அந்த மண் யாருடையது என்று கேட்க நேரமில்லை. கேட்பவன் செத்துப்போவான்! பொம்மைச் சித்திரம் என்றால்கூடப் பரவாயில்லை. நிஜ மனித முகத்தைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தி, அந்த முகத்துக்கு நீ கொடுக்கக்கூடிய ஒரே பதில் குண்டு என்று பழக்குகிறார்கள். நம் ஆட்சேபம் இதுதான். ஒருவனைக் கொலைகாரனாக்குகிறது என்பதல்ல. மனிதனைப் பார்த்தால் கேள்வி கேட்கும் பழக்கத்தை மழுக்குகிறது என்பது.

அதே கம்பெனி 1993இல் 'கிரைம் பெட்ரோல்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. அதில் ஆடுகிறவன் முதலில் சாதாரணப் போலீஸ்காரன். அடுத்து மாறுவேடத் துப்பறிவாளன். அடுத்து ஆயுதப் போலீஸ். கடைசியில் ராணுவத்தின் அதிரடிப் படை. அதன் இரண்டாம் பாகமான 'டிரக் வார்ஸ்' விளையாட்டில், சொந்த ஊரில் ஆரம்பித்த போலீஸ்காரன் கடைசியில் தென் அமெரிக்காவுக்கே போய்ச் சுடுகிறான். அடுத்தவன் தேசத்துக்குள் புகுந்து சுடுவதைப் பதவி உயர்வு என்று சொல்லித் தருவதற்கு ஏகாதிபத்தியம் என்ற பெயரைத் தவிர வேறு பெயர் ஏது? 2002 ஜூலை 4 அன்று அமெரிக்க ராணுவமே ஆள் சேர்ப்பதற்காக 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற துப்பாக்கி விளையாட்டை இனாமாக வெளியிட்டது. போலீஸ் பயிற்சியில் பிறந்த வம்சம் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் வேலையில் சேர்ந்தது.

அங்கேயும் எதிர்ப்பு எழாமலில்லை. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபையில் விசாரணை நடந்தது. இன்னொரு கம்பெனியின் விளையாட்டுத் துப்பாக்கியைச் சபையிலேயே தூக்கிக் காட்டினார்கள். முடிவு என்ன? 1994இல் கம்பெனிகளே கூடி, எந்த வயதுக்கு எந்த விளையாட்டு என்று பெட்டி மேல் முத்திரை குத்தும் வாரியம் அமைத்துக்கொண்டன. விசாரணை முடிந்தது, வியாபாரம் தொடர்ந்தது.

உண்மையில் சுட்டவர்கள் யார்?

இந்த விளையாட்டுகள் சொல்லும் கதைப்படி, துப்பாக்கி ஊரைக் காப்பாற்றுவதற்காகச் சுடுகிறது. சரித்திரம் என்ன சொல்கிறது?

நியூ மெக்சிகோவுக்கு அடுத்த ராஜ்யம் கொலராடோ. அங்கே லட்லோ என்ற இடத்தில் 1914 ஏப்ரல் 20 அன்று, வேலைநிறுத்தம் செய்து கூடாரங்களில் குடியிருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மீது ராஜ்யப் பட்டாளம் சுட்டது, கூடாரங்கள் எரிந்தன. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபது பேர் வரை மாண்டார்கள். சுரங்கம் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்த கம்பெனியுடையது. கௌபாய் தேசத்தின் உண்மையான துப்பாக்கிக் கதை இது. இதை எந்தத் தட்டிலும் பதித்து விற்கவில்லை.

நம் மண்ணிலும் அதே கதைதான். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில், வேலைநிறுத்தம் செய்த ரயில்வேத் தொழிலாளர்கள் மீது வெள்ளையன் போலீஸ் சுட்டது. ஐந்து தோழர்கள் உயிர் துறந்தார்கள். வெள்ளையன் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2018 மே 22 அன்று தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நூறாவது நாள் ஊர்வலமாகச் சென்ற மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பதின்மூன்று பேர் பலியானார்கள். சர்க்கார் நியமித்த அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கையே அந்தத் துப்பாக்கிச்சூடு அவசியமற்றது என்றது.

விளையாட்டில் அப்பாவியைச் சுட்டால் ஓர் உயிர் குறையும். அந்த மட்டுக்கு அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது. தூத்துக்குடியில் சுட்டவர்களுக்கு எந்த உயிர் குறைந்தது?

இன்னொரு வழியும் இருந்தது

யந்திரத்தின் தலையெழுத்து இதுதானா? இல்லை. அதற்கும் சாட்சி அந்தக் கம்பெனியிலேயே இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு விளையாட்டு செய்யவென்று அது 'ஹெர் இன்டராக்டிவ்' என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. நடிகர்களைப் படம் பிடிக்கும் அதே வித்தையில் 1995இல் ஒரு விளையாட்டு வந்தது. அதில் துப்பாக்கி இல்லை. 1998 முதல் நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண்ணின் கதைகள் வந்தன. அங்கே வெற்றி பெற வேண்டுமானால் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், சந்தேகப்பட வேண்டும், யோசிக்க வேண்டும். துப்பாக்கிக் கம்பெனி 1990களோடு மறைந்தது; யோசிக்கச் சொன்ன பிரிவு பிழைத்தது. ஆகவே விளையாட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யந்திரம் மனிதனை விட்டேற்றியாக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. லாபம் ஒன்றே எஜமானாக இருந்தால், அது சுலபமான வழியை, விசையை அழுத்தும் வழியைத்தான் முதலில் தேடும்.

இன்று, இங்கே

காசுப் பெட்டியின் இடத்தை இன்று கைபேசி பிடித்துக்கொண்டது. 2020 செப்டம்பரில் மத்திய சர்க்கார் பப்ஜி விளையாட்டைத் தடை செய்தது. தேசத்தின் இறையாண்மை, பாதுகாப்பு என்பதே அதற்குச் சொன்ன காரணம். பெயரை மாற்றிக்கொண்டு 2021இல் அதே விளையாட்டு மறுபடி வந்தது. ஆன்லைன் ரம்மியில் கூலியை இழந்து தற்கொலை செய்துகொண்ட குடும்பங்களின் கண்ணீருக்குப் பிறகு, தமிழ்நாடு சட்டசபை 2022இல் தடைச் சட்டம் நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்ப, 2023இல் மறுபடி நிறைவேற்ற வேண்டியிருந்தது. அதே வருஷம் நவம்பரில் ரம்மி, போக்கர் மீதான தடை ஹைகோர்ட்டில் செல்லாமல் போயிற்று. 2025 ஆகஸ்டில்தான் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராகப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. பணத்தை உறிஞ்சும் விளையாட்டைத் தடுப்பது அவசியம். ஆனால் தடை மட்டும் போதாது. காலி நேரத்தைக் காலியாகவே விட்டால், இன்னொரு பெட்டி வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் காலி நேரமே நம்மிடமிருந்து பறிபோகப் பார்த்தது. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னையில் செங்கொடி ஏற்றி மேதினம் கொண்டாடினார். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எழுந்தன. மே முதல் தேதி அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், சங்கம் வைக்கும் உரிமைக்காக ஐந்து வாரத்துக்கு மேல் வெளியே நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் வாலிபர்கள். "கைபேசியில் மூழ்கிக் கெட்டுப்போன தலைமுறை" என்று ஏசப்பட்ட அதே தலைமுறைதான் பந்தலில் உட்கார்ந்து ஜெயித்தது. ஏசுபவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை திறந்தது. நோக்கியா என்றாலே பாம்பு விளையாட்டு ஞாபகம் வரும். 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது; ஆயிரக்கணக்கான வாலிபர்களும் பெண்களும் வேலையிழந்தார்கள். கைபேசி செய்தவன் வீதிக்கு வந்தான். விளையாட்டு மட்டும் உலகமெங்கும் ஓடிற்று. பெட்டியைச் செய்யும் கை நம்முடையது. பெட்டிக்குள் என்ன ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை நம்முடையதாக இல்லை.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. எட்டு மணி நேர வேலை காகிதத்தில் மட்டுமல்லாமல் கேட்டு வாசலிலும் இருக்க வேண்டும். மிகுதி நேர வேலை கட்டாயமாகக் கூடாது. சிப்காட்டுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்த சர்க்கார், வல்லக்கோட்டை, வல்லம், ஒரகடம் ஊர்களில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டுத் திடல்களை ஒதுக்க வேண்டும். 1948ஆம் வருஷப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது. அந்தப் பணத்தில் இரவு ஷிப்டு முடிந்து வருபவனுக்கும் திறந்திருக்கும் வாசகசாலை வேண்டும். பெண் தொழிலாளர் விடுதிகளிலும் வேண்டும். அரசு பாலிடெக்னிக்குகளில் நம் பிள்ளைகள் விளையாட்டு செய்யும் வித்தையையும் கற்க வேண்டும். பொன்மலையையும் படுகளத்தையும் அறிந்த கைகள் செய்யும் விளையாட்டு எப்படி இருக்கும் என்று உலகம் பார்க்கட்டும்.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கைபேசியோடு குனிந்திருக்கும் வாலிபனைக் கண்டால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "தம்பி, இதில் நீ யாரைச் சுடுகிறாய்? அவன் யார்?" என்று கேளுங்கள். அந்த விளையாட்டு கேட்கவிடாத கேள்வி அது. அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்கத் தொடங்கியவன், தன் கூலிச் சீட்டைப் பார்த்தும் கேட்பான். கேட்டு வாசலில் நின்றும் கேட்பான். அவனுக்காகச் சங்கக் கொட்டகையின் கதவைத் திறந்து வையுங்கள்.